செயற்கை வைரம்: 10 டாலரைத் தாண்டி ஒரு கதை

செயற்கை வைரம் பத்தி எழுதுறவங்க பலரும், கண்டுபிடிச்ச ட்ரேசி ஹாலுக்கு ஜெனரல் எலெக்ட்ரிக் வெறும் 10 டாலர் சேமிப்புப் பத்திரம் கொடுத்த கதையோட நிறுத்திடறாங்க. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் வேற.

ஹால் வைரம் செய்தது 1954 டிசம்பர் 16. ஸ்வீடனின் ஏ.எஸ்.இ.ஏ. நிறுவனம் 1953-லேயே செய்துவிட்டது, வெளியே சொல்லவில்லை. காப்புரிமை என்பது ரகசியத்தைச் சொல்வதற்கான கூலி. சொல்லாதவருக்குக் கூலி இல்லை. இதுவரை நியாயம்தான்.

ஆனால் ஜி.இ. 1955-ல் அறிவித்தது சாதனையை மட்டும்தான், செய்முறையை அல்ல. அமெரிக்க அரசின் ரகசிய ஆணையால் காப்புரிமை 1960-லதான் வெளியானது. அந்த இடைவெளியில் டி பியர்ஸ் தானே ஒரு வழி கண்டுபிடித்தது. விளைவு, தென்னாப்பிரிக்காவில் வழக்கு. கடைசியில் டி பியர்ஸ் பணம் கொடுத்துச் சமரசம்.

ஹால் வேலையை விட்டு, வேறு வடிவத்தில் நான்முக அழுத்தக் கருவி செய்தார். அதற்கும் ரகசிய ஆணை!

'சொல்லு, உரிமை தர்றேன்'னு சட்டம் போட்ட அரசே வாயைப் பொத்தினா, அப்புறம் முதலில் வந்தவர் யார்னு எப்படிங்க தீர்ப்பு சொல்றது?