அப்பா எழுதிய புத்தகம், மகன் எழுதிய புத்தகம்

பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பரம்பரைக் கிறிஸ்தவர். தாத்தா உபதேசியார், அப்பா சபைக்குக் கணக்கு எழுதியவர், இவர் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுப்பவர். ஒரே மகனுக்குப் பதினாறு வயது. மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வர மாட்டேன் என்கிறான். திட்டியாச்சு, ஜெபம் பண்ணியாச்சு, செல்போனைப் பிடுங்கி வெச்சாச்சு, ஐயரைக் கூட்டிவந்து பேசவும் வெச்சாச்சு. பையன் அசையவில்லை. போன மாதம் என்னைப் பார்க்க வந்தவர் பையிலிருந்து ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்து நீட்டினார். "இதைப் படிச்சிட்டு, இவரு சொல்றது சரிதானான்னு சொல்லுங்க அண்ணாச்சி. நான் ரெண்டு தடவை படிச்சுட்டேன். பயம்தான் ஜாஸ்தியாகுது" என்றார்.

ஜேம்ஸ் டாப்ஸன் எழுதிய 'பிரிங்கிங் அப் பாய்ஸ்'. 2001-ல் வந்தது. ஆண் பிள்ளைகளை நல்ல விசுவாசிகளாக வளர்ப்பது எப்படி என்று அமெரிக்காவில் வந்த புத்தகங்களை அடுக்கினால் ஒரு தனி பீரோ வேண்டும். அதில் மேல் தட்டில் இருப்பது இது. டாப்ஸன் பாதிரியார் அல்ல, குழந்தை வளர்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கிய உளவியலாளர். 1977-ல் 'ஃபோகஸ் ஆன் த ஃபேமிலி' என்ற அமைப்பை ஆரம்பித்து, ரேடியோ வழியாக அமெரிக்கக் கிறிஸ்தவக் குடும்பங்களின் சாப்பாட்டு மேஜை வரை போனவர். 2025 ஆகஸ்டில் 89-ம் வயதில் காலமானார்.

அவரைப் புரிந்துகொள்ள ஒரு நாய்க் கதை போதும். 1978-ல் எழுதிய 'த ஸ்ட்ராங்-வில்ட் சைல்ட்' புத்தகத்தின் ஆரம்பத்தில் அவரே சொல்வது. வீட்டில் ஒரு குட்டையான டாக்ஸ்ஹுண்ட் நாய். பெயர் சிக்மண்ட் ஃபிராய்டு (உளவியலாளர் வீட்டு நாய்க்கு வேறென்ன பெயர் இருக்கும்!). ஒரு ராத்திரி அது தன் இடத்துக்குப் போய்ப் படுக்க மறுக்கிறது. டாப்ஸன் பெல்ட்டை எடுக்கிறார். மனிதனுக்கும் நாய்க்கும் துவந்த யுத்தம். கடைசியில் நாய் பணிகிறது. சிறுவர்களும் இப்படித்தான் பெரியவர்களின் அதிகாரத்தைச் சீண்டிப் பார்ப்பார்கள், விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அவர் எடுக்கும் பாடம். இத்தனைக்கும் அந்த நாயின் எடை ஐந்தரைக் கிலோ.

இதைப் படித்துவிட்டு அவரை வில்லனாக்கிவிடுவது சுலபம். நியாயம் இல்லை. கோபத்தில் அடிக்காதே, கைக்குழந்தையை அடிக்காதே, அன்பு இல்லாத கண்டிப்பு ஆபத்து என்றும் அவர்தான் எழுதியிருக்கிறார். 'பிரிங்கிங் அப் பாய்ஸ்' புத்தகத்தில் மனசைத் தொடும் இடம் ஒன்றும் உண்டு. டாப்ஸனின் அப்பா ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர். மகன் டீன் ஏஜில் அம்மாவை எதிர்த்துப் பேச ஆரம்பித்ததும் அம்மா போனில், நீங்கள் இங்கே வேண்டும் என்கிறார். அப்பா ஒப்புக்கொண்டிருந்த கூட்டங்களை எல்லாம் ரத்து செய்துவிட்டு, வேறு ஊரில் ஒரு சபையின் போதகராக வேலை ஏற்று, மகன் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை வீட்டோடு இருக்கிறார். இந்த ஒரு சம்பவத்துக்காகவே புத்தகத்தைப் படிக்கலாம்.

ஆனால் மற்ற பக்கங்களில் எல்லாம் பயம். டி.வி. பயம், சினிமா பயம், பெண்ணியம் பயம். பையன் கொஞ்சம் மென்மையாக இருந்தால் அதுவும் பயம். ஓரினச் சேர்க்கையைத் 'தடுப்பது' எப்படி என்று அத்தியாயமே இருக்கிறது. அப்படி ஒருவரின் நாட்டத்தை மாற்றலாம் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2009-ல் அறிக்கையே கொடுத்துவிட்டது. அந்தப் பக்கங்களை நம்பி எத்தனை அப்பாக்கள் எத்தனை பிள்ளைகளை வாட்டினார்களோ.

அதே 2001-ல் வந்த இன்னொரு பிரபலம் ஜான் எல்ட்ரெட்ஜின் 'வைல்ட் அட் ஹார்ட்'. ஆணுக்கு வேண்டியவை மூன்றாம்: ஒரு போர், ஒரு சாகசம், காப்பாற்ற ஓர் அழகி. எம்.ஜி.ஆர். படங்கள் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் புதுசாக ஒன்றும் இல்லை. மெக்ஸிகோவின் 'லா ஃபமீலியா' என்ற போதை மருந்துக் கும்பல் தன் ஆட்களுக்கு இந்தப் புத்தகத்தைப் படிக்கக் கொடுத்ததாக 2009 வாக்கில் செய்திகள் வந்தன. எழுதியவர் பாவம், அதற்குப் பொறுப்பல்ல. ஆனாலும் வீரத்தை இவ்வளவு சத்தமாகப் போதித்தால் யார் காதில் விழும் என்று சொல்ல முடியாது.

இந்தப் புத்தகங்கள் எல்லாம் அப்பாக்கள் எழுதியவை. மகன் எழுதினால் எப்படி இருக்கும்? ஒருவர் எழுதியிருக்கிறார். எட்மண்ட் காஸின் 'ஃபாதர் அண்ட் சன்'. 1907-ல், ஆசிரியர் பெயர் போடாமலே வெளிவந்தது.

அப்பா ஃபிலிப் ஹென்றி காஸ் இங்கிலாந்தில் பேர் பெற்ற கடலுயிர் ஆராய்ச்சியாளர். இன்று நாம் ஹாலில் மீன் வளர்க்கிறோமே, அந்தத் தொட்டிக்கு 'அக்வேரியம்' என்ற பெயரைப் புழக்கத்தில் விட்டவர் அவர்தான். பிளிமத் பிரதரன் என்ற கண்டிப்பான சபையைச் சேர்ந்தவர். 1857-ல் மனைவி மார்பகப் புற்றுநோயில் இறக்கிறார். அதே வருஷம் அவர் எழுதிய புத்தகம், உலகம் பழசாகத் தோன்றும்படியே புதிதாகப் படைக்கப்பட்டது என்று வாதாடியது. அம்மா வயிற்றில் பிறக்காத ஆதாமுக்கும் தொப்புள் இருந்திருக்கும் அல்லவா, அதைப் போலத்தான் பாறையில் இருக்கும் எலும்புகளும் என்றார். விஞ்ஞானிகளும் சிரித்தார்கள், பக்தர்களும் ஏற்கவில்லை. மனைவியும் இல்லை, மரியாதையும் போனது. மிஞ்சியது ஏழு வயது மகன். மனிதர் அவனை அழைத்துக்கொண்டு டெவன் கடற்கரைக்குப் போய்விட்டார்.

டாப்ஸன் கேட்பதெல்லாம் அந்த வீட்டில் இருந்தது. அப்பா எந்நேரமும் கூடவே இருந்தார். தினமும் வேதம், ஜெபம். கெட்ட சகவாசம் கிடையாது. கதைப் புத்தகமே கிடையாது, கதை என்றால் பொய், பொய் என்றால் பாவம். கிறிஸ்துமஸ் கொண்டாடுவதே விக்கிரக ஆராதனை என்று நினைத்த வீடு அது. வேலைக்காரப் பெண்கள் ரகசியமாக ஒரு துண்டு பிளம் புட்டிங் கொடுக்க, பையன் தின்றுவிட்டு மனசாட்சி உறுத்தி அப்பாவிடம் ஒப்புக்கொள்கிறான். அப்பா மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிச் சாம்பல் மேட்டில் போட்டுப் புதைக்கிறார். பத்து வயதில் பெரியவர்களுக்கு இணையாக ஞானஸ்நானமும் ஆயிற்று.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே, அப்பாவுக்கும் தப்பு வரும் என்று பையன் கண்டுபிடித்துவிட்டான். அன்றிலிருந்து அவனுக்குள் ரகசியமாக இன்னொருவன் குடிவந்துவிட்டான். அவனிடம் மட்டும் எல்லாவற்றையும் பேசலாம். அப்பாவின் கண்காணிப்பு அங்கே எட்டாது.

இன்னொரு சம்பவம். ஒரு வீட்டு விருந்துக்குப் பையனுக்கு அழைப்பு வருகிறது. அப்பாவுக்கு இஷ்டமில்லை. வேண்டாம் என்று நேராகச் சொல்லாமல், கர்த்தரிடமே கேள் என்று மண்டியிடச் சொல்கிறார். என்ன பதில் வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பையன் எழுந்து, போகலாம் என்று கர்த்தர் அனுமதி கொடுத்துவிட்டார் என்கிறான். அப்பா பேச்சற்று நிற்கிறார். சிரித்துக்கொண்டேதான் படித்தேன். பிறகுதான் உறைத்தது. நானும் என் மகனிடம் 'உன் இஷ்டம்பா, யோசிச்சுச் சொல்லு' என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், என் பதிலை அவன் வாயிலிருந்து வரவழைப்பதற்காக!

கதையின் முடிவு உங்களுக்கே தெரிந்திருக்கும். மகன் லண்டனுக்கு வேலைக்குப் போகிறான். அப்பாவின் கடிதங்கள் துரத்துகின்றன, ஒவ்வொன்றிலும் ஆத்துமா பற்றிய விசாரணை. கடைசியில் மகன் அந்த நம்பிக்கையை விட்டு வெளியே வந்து, தன் மனசைத் தானே அமைத்துக்கொள்கிறான்.

மகன் சொன்னதெல்லாம் சத்தியமா? அதையும் சந்தேகிக்க வேண்டும். ஆன் த்வெய்ட் என்பவர் 2002-ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் தெரியும் ஃபிலிப், மகன் காட்டியதைவிட இளகிய மனிதர். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. மகன் புத்தகத்திலேயே அந்த மனிதர் இருக்கிறார். அலை பின்வாங்கிய பாறைக் குழிகளில் அப்பா குனிந்து கடல் பூக்களைத் தேடுகிறார், பக்கத்தில் பையனும். அப்பா மேஜையில் உட்கார்ந்து கடலுயிர்களை வரைகிறார், பையனும் தன் தாளில் கிறுக்குகிறான். புத்தகத்தின் மிக அழகான பக்கங்கள் இவை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மூன்றாவதாக ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டாப்ஸனும் தன் அப்பாவைப் பற்றி உருகி எழுதுவது இருவரும் அதிகாலையில் வேட்டைக்குப் போன நாட்களைப் பற்றித்தான்.

விசுவாசத்தைத் தொடர் ஓட்டக் குச்சிக்கு ஒப்பிடுவது டாப்ஸனுக்குப் பிடித்த உவமை. அப்பா ஓடிவந்து மகன் கையில் கொடுக்க வேண்டுமாம். நல்ல உவமைதான். கொடுப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டார். வாங்குகிற கை அப்பாவுடையது இல்லை என்பதைத்தான் சரியாகச் சொல்லவில்லை. பிரம்பைப் பற்றி நீதிமொழிகள் சொல்வதைப் பிடித்துக்கொண்டவர்கள், கொலோசெயருக்குப் பவுல் எழுதிய கடிதத்தையும் ஒரு தடவை புரட்டலாம். அப்பாக்களுக்கு அதில் ஒரே ஒரு கட்டளைதான். பிள்ளைகளைச் சீண்டிச் சீண்டி மனசு விட்டுப்போகச் செய்யாதீர்கள் என்பது அதன் சாரம்.

நண்பருக்கு டாப்ஸனைத் திருப்பிக் கொடுக்கும்போது காஸையும் சேர்த்துக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து போன் வந்தது. "அந்தப் பையன் கடைசி வரைக்கும் திரும்பி வரவே இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டார். சபைக்குத் திரும்பவில்லை, ஆனால் 58 வயதிலும் அப்பாவை விட்டு நகர முடியாமல்தான் அந்தப் புத்தகத்தை எழுதினார் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

போன வாரம் மறுபடி பேசினார். செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். பையன் இன்னும் கோயிலுக்கு வருவதில்லை. "ஆனா, சனிக்கிழமை சாயங்காலம் நான் பைக்கைக் கழட்டிச் சுத்தம் பண்றப்ப பக்கத்துல வந்து ஸ்பேனர் எடுத்துக் குடுக்கான்" என்றார்.

அப்போது என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன்.

"கார்புரேட்டர் பத்தித்தான்" என்றார்.