தீம் பார்க்கைக் காதால் சுற்றிப் பார்ப்பது

தீம் பார்க் உடம்புக்கான விஷயம். வயிறு கலங்கணும், முகத்தில் தண்ணி அடிக்கணும், வரிசையில் நின்று கால் கடுக்கணும். பாட்காஸ்ட்டில் இது எதுவும் இல்லை, பேச்சு மட்டும்தான். ஆனாலும் தீம் பார்க் பற்றி மட்டுமே பேசும் பாட்காஸ்ட்டுகள் உண்டு. அவற்றை வாராவாரம் விடாமல் கேட்பவர்களும் இருக்கிறார்கள். சில நிகழ்ச்சிகள் நம்மைக் கட்டிப் போடுகின்றன, சிலவற்றைப் பத்தாவது நிமிடத்தில் அணைத்து விடுகிறோம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பயண நூல்களை அளக்கும் கோலே இதற்கும் போதும் என்று தோன்றுகிறது: போகாதவரை அது கூட்டிட்டுப் போகுதா?

வேலைக்கு வண்டி ஓட்டும் நேரத்தில் நான் அதிகம் கேட்டது ‘பாட்காஸ்ட்: தி ரைட்’. லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த ஸ்காட் கேர்ட்னர், மைக் கார்ல்சன், ஜேசன் ஷெரிடன் என்ற மூன்று நகைச்சுவைக் கலைஞர்கள் 2017-இல் தொடங்கியது. ஒரு சவாரி, ஒரு கடை, ஒரு உணவகம் என்று எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். 2018-இல் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் பக்கத்திலிருக்கும் சிட்டிவாக் கடைத்தெருவைப் பற்றி மட்டும் பல அத்தியாயங்கள் போட்டார்கள். கேட்க அபத்தமாக இருக்கும். ஆனால் யாருமே பொருட்படுத்தாத ஒன்றை மூன்று பேர் இவ்வளவு சிரத்தையாகக் கவனிக்கும்போது, அங்கே காலே வைக்காத எனக்கும் அந்தத் தெரு கண்ணில் தெரிய ஆரம்பித்தது. மூவரும் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசுவது இன்னொரு பலம். ஒருத்தர் உருகினால் இன்னொருத்தர் கலாய்ப்பார். விளம்பரத்திலிருந்து இந்தப் பேச்சைப் பிரிப்பது அந்தச் சண்டைதான்.

எரிச்சலும் அதே இடத்தில்தான் பிறக்கிறது. நூறு அத்தியாயத்துக்கு முன்னால் சொன்ன ஜோக்கை விளக்காமல் மறுபடி சொல்லிச் சிரிப்பார்கள். சவாரியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, அது மேலே ஏறுமா, தண்ணீரில் விழுமா என்று சொல்லாமலே கடந்து விடுவார்கள். மூன்று குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்போது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கேட்கிறவருக்கு யார் பேசுவது என்றே பிடிபடாது. அந்த நேரங்களில் அது டிக்கெட் வாங்கியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சாகிறது. நாம் வேலிக்கு வெளியே நிற்கிறோம்.

இன்னொரு வகை, செய்தி வாசிக்கும் பாட்காஸ்ட். டிக்கெட் விலை, புதுச் சவாரி, எந்த மாதம் கூட்டம் குறைவு. அடுத்த வருஷம் கேட்டால் எதற்கும் உதவாது. கெந்திங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வெளிப்புறப் பூங்கா 2013-இல் மூடப்பட்டது. புதுப் பூங்கா திறந்தது 2022-இல். செய்தி வாசிப்பவர் ‘திறப்பு தள்ளிப்போனது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். இடையில் 2018-இல் கெந்திங் நிறுவனம் ஃபாக்ஸ், டிஸ்னி இரண்டின் மீதும் வழக்குப் போட்டது. சூதாட்ட மையத்துக்குப் பக்கத்தில் தன் பெயர் வருவதை டிஸ்னி விரும்பவில்லை என்பது கெந்திங்கின் குற்றச்சாட்டு. பின்னர் சமரசம் ஆனது. குழந்தைகளின் பூங்காவுக்கும் சூதாட்ட மேசைக்கும் நடுவே என்ன உறவு என்று இரண்டு பேர் உட்கார்ந்து விவாதித்தால், மலையேறாதவர்களும் கேட்பார்கள்.

தமிழில் இப்படி ஒன்றைத் தொடங்குவதற்கு மலாக்காவே போதும். தாமிங் சாரி கோபுரத்தைப் பாருங்கள். உயரம் 110 மீட்டர். சுழன்றுகொண்டே மேலேறும் கூண்டில் ஒரு தடவைக்கு 66 பேர், 7 நிமிடம். ஏற்றி இறக்கும் நேரத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால்கூட மணிக்கு 565 பேரைத் தாண்டாது. பள்ளி விடுமுறையில் வரிசை ஏன் நகரவே மாட்டேங்குது என்பதற்கு இதுதான் விடை. இப்படி ஒரு சின்னக் கணக்கைச் சொன்னாலே, நின்று சலித்த நேரத்துக்கு ஒரு அர்த்தம் கிடைக்கும். பொறியாளர்கள் பேச வேண்டிய இடம் இது.

அதைவிட முக்கியமான கதை தரைக்கு அடியில் இருக்கிறது. 2006-இல் அந்தக் கோபுரத்துக்காக முதலில் தேர்ந்தெடுத்த இடத்தைத் தோண்டியபோது பழைய கோட்டைச் சுவரின் எச்சங்கள் வெளிவந்தன. கோபுரம் வேறு இடத்துக்கு மாறி 2008-இல் திறக்கப்பட்டது. சுவர் கிடைத்த இடத்தில் டச்சுக்காரர்களின் மிடில்பர்க் கொத்தளத்தைத் திரும்பக் கட்டினார்கள். சன்வே லகூன் இருப்பது பழைய ஈயச் சுரங்கத்தில். 1955-இல் கலிஃபோர்னியாவில் திறந்த டிஸ்னிலேண்ட் ஆரஞ்சுத் தோப்புகளை அழித்து எழுந்தது. கேளிக்கைக்கு முன்னால் அங்கே யாரோ ஒருவருடைய உழைப்பு இருந்திருக்கிறது.

ரப்பர் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் கோல்ஃப் திடல்களாகவும் மாறியதைக் கண்முன்னே பார்த்த குடும்பங்கள் நம்முடையவை. ‘இதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?’ என்ற கேள்வியை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் கேட்ட தீம் பார்க் பாட்காஸ்ட்டுகள் பெரும்பாலும் தங்கள் சிறுவயது ஞாபகத்தோடு நின்றுவிடுகின்றன. அந்த ஏக்கம் இனிமையானதுதான், பொய்யும் இல்லை. ஆனால் சவாரியை நேசிக்கிற அளவுக்கு, அது நிற்கிற மண்ணையும் விசாரிக்க ஆரம்பித்தால், நுழைவுக் கட்டணம் கட்ட முடியாத தோட்டத்துப் பிள்ளைக்கும் அதில் ஒரு இருக்கை கிடைக்கும். அப்படியொரு நிகழ்ச்சியைத் தமிழில் யாராவது தொடங்கினால், எத்தனை மணி நேரம் ஓடினாலும் நான் கேட்பேன்.