கிரிஃபித்சின் குவாண்டம் இயக்கவியல் அறிமுகம்: முதல் இயலில் நிகழ்தகவு

டேவிட் கிரிஃபித்சு எழுதிய குவாண்டம் இயக்கவியல் அறிமுக நூல் 1995 முதல் இளநிலை இயற்பியல் மாணவர்களிடையே பரவலாகப் பயன்பட்டு வருகிறது. சுரோடிங்கர் சமன்பாட்டை வருவிக்காமலே முதற்பக்கத்தில் தந்துவிட்டு, அலைச்சார்பின் மட்டுவர்க்கமே துகளைக் காணும் நிகழ்தகவு அடர்த்தி என்னும் போர்ன் விதிக்கு நூல் உடனே வந்துவிடுகிறது. இவ்விதியை 1926 கட்டுரையில் மேக்சு போர்ன் ஓர் அடிக்குறிப்பில்தான் திருத்திச் சேர்த்தார்; 1954 இல் நோபல் பரிசும் பெற்றார்.

அடுத்து வரும் நிகழ்தகவுப் பாடம் மிகத் தெளிவானது. ஓர் அறையில் 14 பேர். அவர்களின் சராசரி வயது 21, இடைநிலை 23, மிகுதியாகக் காணப்படும் வயது 25. சராசரியான 21 வயதில் அங்கே ஒருவரும் இல்லை. எதிர்பார்ப்பு மதிப்பு என்பது எதிர்பார்க்க வேண்டிய மதிப்பன்று என்பதை இதைவிட எளிதாகச் சொல்வது கடினம். பின்னர் h உயரக் குன்றிலிருந்து விழும் கல். விழும்போது வெவ்வேறு கணங்களில் எடுத்த ஒளிப்படங்களில் அது கடந்திருக்கும் தொலைவின் சராசரி h/3.

குறையும் இங்கேதான் உள்ளது. கல் ஒவ்வொரு கணத்திலும் ஓர் இடத்தில் இருக்கிறது. எந்தக் கணத்தில் படம் எடுக்கப்பட்டது என்பது தெரியாததால் மட்டுமே நிகழ்தகவு வருகிறது. எதிர்மின்னியும் அப்படியே எங்கோ ஒளிந்திருக்கிறது என்று மாணவர் எண்ணிக்கொள்ள இது வழிவிடுகிறது. இரு பிளவுகளின் வழியே வரும் வீச்சுகள் ஓரிடத்தில் 1, 1 எனில், அறியாமை நிகழ்தகவின் கணக்குப்படி கூட்டுத்தொகை 2. குவாண்டம் கணக்கில் வீச்சுகளே முதலில் கூடும், பிறகே வர்க்கம்: கட்டம் ஒத்தால் 4, எதிர்த்தால் 0. வயதுப் பட்டியலில் இந்தச் சுழியத்துக்கு இடமில்லை. 2018 இன் மூன்றாம் பதிப்பில் எதிர்மின்னிக் குறுக்கீட்டு விளைவு பற்றிய பகுதி உண்டு. ஆயினும் அதற்கும் வயதுக் கணக்குக்கும் இடையிலான முரண் விளக்கப்படவில்லை.

அளவீட்டுக்கு முன் துகள் எங்கே இருந்தது என்ற வினாவுக்கு மெய்ம்மைவாதம், மரபுநிலை, அறியொணாவாதம் என மூன்று விடைகளை நூல் நேர்மையாகவே முன்வைக்கிறது. 1964 இல் பெல் மூன்றாவதை விலக்கிவிட்டதாகவும் கூறுகிறது. அதற்கான காரணமோ கடைசி இயலில் வருகிறது; பல பாடத்திட்டங்கள் அதுவரை எட்டுவதில்லை.

இயல்பாக்கம் பற்றிய பகுதி இவ்வியலின் சிறந்த பகுதி. மொத்த நிகழ்தகவு காலத்தோடு மாறாமல் 1 ஆகவே நிற்பது சுரோடிங்கர் சமன்பாட்டிலிருந்தே நிறுவப்படுகிறது. நிலையாற்றல் மெய்யெண்ணாக இருப்பது அதற்குத் தேவை. கற்பனைப் பகுதி சேர்ந்தால் நிகழ்தகவு அடுக்குக்குறி முறையில் தேயும் என்பதைப் பயிற்சிக் கணக்கொன்று காட்டுகிறது. சமன்பாட்டையும் போர்ன் விதியையும் மாணவர் இங்கேதான் ஒருசேரக் காண்கிறார்.

ஃபைன்மன் விரிவுரைகளின் மூன்றாம் தொகுதி இரட்டைப் பிளவிலிருந்தே தொடங்குகிறது. ஆனால் அதன்வழிச் செல்பவர் சுரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்க்க நெடுநாள் காத்திருக்க வேண்டும். கிரிஃபித்சின் மாணவரோ இரண்டாம் இயலிலேயே முடிவிலிச் சதுரக் கிணற்றைத் தீர்த்துவிடுகிறார்.