யோகாசிரியரும் நன்னூல் காட்டும் கணக்கும்

யோகம் கற்பிப்போர் தொகை நாளுக்கு நாள் பெருகிவரும் காலம் இது. ஐக்கிய நாட்டு மன்றம் 2014ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஜூன் 21ஆம் நாளை உலக யோக நாளாக அறிவித்தது. 2015 முதல் அந்நாள் பல நாடுகளிலும் கொண்டாடப்பட்டு வருகிறது. நம் பினாங்கிலும் கோயில் மண்டபங்களிலும், அடுக்குமாடி வீடுகளின் பொதுக்கூடங்களிலும், தண்ணீர்மலைப் பக்கத்துப் பூங்காவின் புல்தரையிலும் விடியற்காலையில் பாய் விரித்து அமர்வோரைக் காணலாம். அவர்களுள் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பலர். தோட்டத்தில் முப்பதாண்டு குனிந்து நிமிர்ந்து உழைத்து முழங்கால் தேய்ந்தவர்களும் உளர். அவர்கள் தம் கழுத்தையும் முதுகையும் ஒருவர் கையில் ஒப்படைக்கின்றனர். அந்த ஒருவர் யார், எங்கே கற்றார் என்பதை அறிவிக்க, வகுப்பு விளம்பரத்தாளில் நாலைந்து வரி அச்சாகியிருக்கும். அந்த நாலைந்து வரியை எவ்வாறு படிப்பது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

யோகாசிரியர் வரலாறுகளைத் தொகுத்து நோக்கின் அவை இரு வகையில் அடங்கும். ஒன்று குருமரபு கூறும் வகை: இன்னாரின் மாணவர், அவர் இன்னாரின் மாணவர் என ஏணிப்படி போல மேலேறிச் சென்று, இமயத்துக் குகையில் ஒரு முனிவரிடம் முடியும். மற்றொன்று மணிக்கணக்குக் கூறும் வகை: இத்தனை மணி நேரப் பயிற்சி பெற்றவர், இன்ன சங்கத்தில் பதிவு பெற்றவர் என்பது அதன் வாய்பாடு. முன்னது பழைமையைச் சான்றாகக் காட்டும். பின்னது கடிகாரத்தைச் சான்றாகக் காட்டும். இரண்டும் ஒரே குறையை உடையன. அவர் என்ன கற்றார் என்பதை இரண்டும் கூறும். கற்பிக்க எவ்வாறு கற்றார் என்பதை இரண்டும் கூறா.

குருமரபு வகைக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு திருமலை கிருஷ்ணமாச்சாரியார் வரலாறு. 1888இல் இன்றைய கருநாடகத்துச் சித்திரதுர்க்கப் பகுதியில் பிறந்த அவர், நூறாண்டு கடந்து வாழ்ந்து 1989இல் சென்னையில் மறைந்தார். மைசூரிலும் காசியிலும் வடமொழிச் சாத்திரங்களைக் கற்றவர். இமயத்துக்கு அப்பால் இராமமோகன பிரம்மசாரி என்பாரிடம் ஏழரை ஆண்டு யோகம் பயின்றார் என்பது அவர்தம் மாணவர் வழிவந்த செய்தி. ‘யோக குருண்டா’ என்னும் பழஞ்சுவடியே இப்பயிற்சி முறைக்கு மூலம் என்றும் கூறுவர். அச்சுவடி ஆராய்ச்சியாளர் கைக்கு இதுவரை எட்டவில்லை. 1996இல் நார்மன் சோமன் மைசூர் அரண்மனை யோக மரபைப் பற்றியும், 2010இல் மார்க் சிங்கிள்டன் இக்கால யோகத்தின் தோற்றத்தைப் பற்றியும் எழுதிய நூல்கள், அரண்மனையில் வழங்கிய உடற்பயிற்சியும் மல்லர் பயிற்சியும் இம்முறையில் கலந்திருக்க வேண்டும் என்று வாதிட்டன. இவ்வாராய்ச்சியால் அப்பெரியாரின் புகழ் குறையாது. ஆயினும், இமயத்து ஏழரை ஆண்டு மட்டுமே அவரை ஆசிரியராக்கியது என்று நம்புவோர் இனிச் சற்று நின்று எண்ணல் வேண்டும்.

மணிக்கணக்கு வகை மிகப் பிந்தியது. சுவாமி சிவானந்தரின் மாணவர் விஷ்ணுதேவானந்தர் 1957இல் மேல்நாடு சென்று, 1969இல் கனடா நாட்டில் நான்கு வாரத்தில் யோகாசிரியர்களைப் பயிற்றும் வகுப்பைத் தொடங்கினார். முப்பதாண்டு கழித்து, 1999இல் அமெரிக்காவில் ‘யோகா அலையன்ஸ்’ என்னும் பதிவுச் சங்கம் எழுந்தது. 200 மணி நேரப் பயிற்சி முடித்தவர் அதில் ஆசிரியராகப் பதியலாம். அதன்பின் ஈராண்டுக்குக் குறையாமல் 1,000 மணி நேரம் கற்பித்தவர் ‘அனுபவமிக்க’ ஆசிரியர் என்ற அடைமொழியைப் பெறலாம். 200 மணி என்பது நாளொன்றுக்கு எட்டு மணி வீதம் இருபத்தைந்து நாள். ஒரு பள்ளி விடுமுறைக்குள் அடங்கிவிடும் காலம் அது.

இவ்விரு கணக்கையும் ஒதுக்கி வைத்து, நம் தமிழாசிரியர்கள் நன்கறிந்த மூன்றாவது கணக்கு ஒன்றை நோக்குவோம். பவணந்தி முனிவர் தம் நன்னூற் பாயிரத்தில் கல்வி நிரம்பும் முறையைப் பின்னங்களாகப் பகுத்துக் காட்டுகிறார். ஆசான் சொன்னதை மாணவன் எவ்வளவு கூர்ந்து கேட்டாலும் அவனுக்குக் கிட்டுவது கால் பங்கே. உடன் பயில்வாரோடு பழகும்போது இன்னொரு கால் பங்கு சேரும். எஞ்சிய அரைப் பங்கோ, தான் பிறர்க்கு எடுத்து விரித்துரைக்கும்போதுதான் வந்து நிரம்பும். ஏழெட்டு நூற்றாண்டுக்கு முன் இலக்கண மாணவனுக்காக எழுதப்பட்ட இக்கணக்கு, இன்றைய யோகாசிரியர்க்கு அப்படியே பொருந்துகிறது. குருமரபு வரலாறு முதற்காலைப் பேசுகிறது. மணிக்கணக்கு வரலாறு முதற்காலோடு இரண்டாங்காலையும் சிறிது தொடுகிறது. அரைப் பங்கைப் பற்றி இரண்டும் வாய் திறப்பதில்லை.

அனுபவமிக்க யோகாசிரியர் எனப் புகழ் பெற்றோரின் வாழ்க்கையை இந்த அரைப் பங்கை மனத்திற்கொண்டு மீண்டும் படித்தால் புதிய வெளிச்சம் தோன்றும். கிருஷ்ணமாச்சாரியாரையே எடுத்துக்கொள்வோம். இத்தனை கற்றும் யோகத்தால் வயிறு வளர்க்க இயலாமல், 1920களில் ஹாசன் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்தவர் அவர். 1933இல் மைசூர் மன்னர் ஆதரவில் ஜகன்மோகன அரண்மனையில் யோகசாலை அமைந்தது. அங்கே அவர்முன் நின்றோர் பெரும்பாலும் அரச குடும்பத்துச் சிறுவரும் துடிப்பான இளைஞரும். ஆதலின் அங்கு வளர்ந்த முறை வேகமும் தாவலும் நிறைந்ததாயிற்று. 1934இல் கன்னடத்திலும் 1938இல் தமிழிலும் வெளிவந்த அவருடைய ‘யோக மகரந்தம்’ அக்காலத்து நூல். பின்னர் 1950களின் தொடக்கத்தில் அவர் சென்னைக்கு வந்தார்; பக்கவாதத்தால் துன்புற்ற சட்ட அறிஞர் ஒருவர்க்குப் பயிற்சியளிக்கவே அழைக்கப்பெற்றார் என்பர். அங்கே அவரிடம் வந்தோர் முதியோர், நோயாளர், வீட்டுப் பொறுப்புடைய பெண்டிர். அவரவர் மூச்சுக்கும் வயதுக்கும் ஏற்ப ஒவ்வொருவர்க்கும் தனிப்பாடம் அமைக்கும் முறை அவரிடம் முதிர்ந்தது சென்னையிலேதான். குருவிடம் பெற்ற கல்வி மைசூரிலும் சென்னையிலும் ஒன்றே. மாறியது மாணவர் கூட்டம். அதனோடு ஆசிரியரும் மாறினார்.

அவருடைய மாணவர் மூவரை ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். பட்டாபி ஜோயிஸ் 1937 முதல் 1973 வரை மைசூர் வடமொழிக் கல்லூரியில் யோகம் கற்பித்தார். இளைஞர்க்கு உகந்த கடுமையான தொடர்ப்பயிற்சி அவரால் உலகப் புகழ் பெற்றது. பி. கே. எஸ். ஐயங்காரோ, 1918இல் பிறந்து, மலேரியாவும் குடற்காய்ச்சலும் காசநோயும் வாட்டிய பிள்ளைப் பருவத்தை உடையவர். கிருஷ்ணமாச்சாரியார் அவருக்கு மைத்துனர் முறை. குருவிடம் நேரே பெற்ற பாடம் மிகச் சிறிதே என்று ஐயங்காரே பலகாலும் கூறியுள்ளார். அவ்விளைஞரை 1937இல் புனேக்குக் கற்பிக்க அனுப்பிவிட்டார்கள். காற்பங்கும் நிரம்பாத நிலையில் ஒருவர் அரைப்பங்கைத் தேடிப் புறப்பட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. குனிய இயலாதவர்க்கு மரக்கட்டை, நிற்க இயலாதவர்க்கு நாற்காலி, கை எட்டாதவர்க்குக் கச்சை என அவர் கையாண்ட துணைக்கருவிகளெல்லாம் இயலாத மாணவர் அவர்க்குக் கற்பித்த பாடங்களே. 1966இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘லைட் ஆன் யோகா’ 200 ஆசனங்களை ஏறத்தாழ 600 படங்களோடு விளக்கும் நூல். முப்பதாண்டுக் கற்பித்தலின் விளைச்சல் அது. மூன்றாமவர், கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாசார், பொறியியல் பட்டம் பெற்றபின் தந்தையிடம் மாணவராக அமர்ந்தவர். சென்னைக் காலத்து முதிர்ந்த ஆசானையே அவர் கண்டார். 1976இல் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தை நிறுவி அந்தத் தனிப்பாட முறையை வளர்த்தார். ஒரே குரு, மூன்று வகைக் கற்பித்தல். குருமரபு மட்டும் ஆசிரியரை ஆக்குமாயின் மூவரும் ஒரே அச்சில் வார்த்தது போலன்றோ இருத்தல் வேண்டும்?

மலாயாத் தமிழராகிய நமக்கு இன்னும் அணுக்கமான சான்று சுவாமி சிவானந்தர். 1887இல் நெல்லைச் சீமைப் பத்தமடையில் பிறந்து, தஞ்சையில் மருத்துவம் பயின்ற குப்புசாமி என்னும் இளைஞர் 1913இல் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார். சிரம்பானை அடுத்த இரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் பல்லாண்டும், பிறகு ஜொகூர் பாருவிலும் பணி செய்து 1923இல் தாயகம் திரும்பினார். 1924இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டார், 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம் கண்டார், 1963இல் மறைந்தார். இவர் வரலாற்றை எழுதுவோர் மலாயாவில் கழிந்த பத்தாண்டைத் துறவுக்கு முன்னுரையாக இரண்டு வரியில் கடந்துவிடுகின்றனர். காய்ச்சலும் கடும் உழைப்பும் வருத்திய பாட்டாளிகளின் உடலை நாள்தோறும் தொட்டுப் பார்த்த கை அது. உடலை அறியாமல் உடற்பயிற்சி கூறுவோர் மலிந்த காலத்தில், அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று வரலாறு சொல்ல வேண்டாமா? எளிய மொழியில், நோயாளிக்கு மருந்துச் சீட்டு எழுதுவது போலச் சுருக்கமாக அறிவுரை எழுதும் அவர் நடைக்கும் தோட்ட மருத்துவமனைக்கும் உறவு உண்டு என்பது என் கருத்து.

நன்னூலார் ஆசிரியர் ஆகாதாரையும் நான்கு உவமையால் காட்டினார். கழற்காய் பெய்த குடம், மடற்பனை, பருத்தி அடைத்த குண்டிகை, முடத்தெங்கு என்பன அவை. இந்நால்வரையும் யோக வகுப்பில் இன்றும் காணலாம். கற்ற வரிசையை மறந்து, நேற்று வந்தவரைத் தலைகீழாக நிற்கச் சொல்பவர் கழற்குடம். மாணவர் நெருங்கவொட்டாமல் மேடையில் தம் திறமையைக் காட்டி, தாமாக விழுவதைப் பொறுக்கிக்கொள்ளட்டும் என்றிருப்பவர் மடற்பனை. மேற்படிப்பு, அதற்குமேல் படிப்பு எனக் கட்டணத்துக்கேற்பச் சிறிது சிறிதாகப் பஞ்சு பிடுங்குவது போல் ஈபவர் குண்டிகை. உள்ளூர்க் கிழவியின் முழங்காலைக் கவனியாமல், புகைப்படம் காணும் வெளியூரார்க்கே பயன்படுபவர் முடத்தெங்கு. திருமூலரும் தம் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் எட்டு உறுப்புடைய யோகத்தை விரித்தவர். அந்நூலிலேயே, குருடர்க்குக் குருடர் வழிகாட்டி இருவரும் குழியில் வீழும் கேட்டையும் எச்சரித்தார்.

இதற்கு மறுப்பாக ஒன்று கூறப்படலாம். மணிக்கணக்காவது இருப்பதால்தானே முற்றும் அறியாதவர் ஆசிரியராவது ஓரளவு தடுக்கப்படுகிறது என்பர். உண்மையே. இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சகமும் 2018இல் யோகச் சான்றளிப்பு வாரியம் அமைத்து, எழுத்தாலும் செய்முறையாலும் ஆசிரியர்களைத் தேர்ந்து சான்று வழங்கும் முறையை ஏற்படுத்தியது. அது நல்ல முயற்சி. ஆயினும் தோட்டப் பள்ளித் தலைமையாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நம் பயிற்சிக் கல்லூரிகளில் எத்தனை விரிவுரை கேட்டாலும், பயிற்றுப்பணி முடியாமல் எவரையும் ஆசிரியர் என்று அனுப்புவதில்லை. பாடத்திட்டம் எழுதிக்கொண்டு வகுப்பில் நிற்க வேண்டும். பின்வரிசையில் விரிவுரையாளர் அமர்ந்து குறிப்பெடுப்பார். மணியடித்ததும், எந்தப் பிள்ளையை நீ பார்க்கவேயில்லை என்று கேட்பார். அந்தக் கேள்வியே பயிற்சியின் உயிர். 1,000 மணி கற்பித்தாலும், அக்கேள்வியைக் கேட்பார் ஒருவரும் இல்லையெனில் முதல் நாள் செய்த பிழையே ஆயிரமாவது மணியிலும் இருக்கும். ஐயங்கார் வழிவந்த பயிற்சியில் பல்லாண்டுக் கற்றலுக்குப்பின் மூத்த ஆசிரியர் குழு முன்னர்ப் பாடம் நடத்திக் காட்டும் தேர்வு உண்டு. அரைப்பங்கை அளக்கும் கோல் அதுவே.

எனவே, யோக வகுப்பில் சேர விரும்பும் அன்பர்கள் ஆசிரியரின் சான்றிதழைப் பார்த்தபின் மூன்று வினாவை அடக்கத்தோடு கேட்க வேண்டுகிறேன். ஐயா, தாங்கள் கற்பிப்பதை உடனிருந்து பார்த்துத் திருத்தியவர் யார்? செய்ய இயலாத மாணவர்க்கு எதை மாற்றிக் கொடுத்தீர்கள்? எவரையேனும், இப்பயிற்சி தங்களுக்கு வேண்டாம், முதலில் மருத்துவரைக் காணுங்கள் என்று திருப்பி அனுப்பியதுண்டா? நல்லாசிரியர் இவ்வினாக்களால் சினம் கொள்ளார். தம்மை வளர்த்த மாணவர்களைப் பற்றி மகிழ்ந்து பேசத் தொடங்குவார். யோக வகுப்பு நடத்த முன்வரும் தமிழாசிரியர்களும் தம் வரலாற்றுக் குறிப்பில் குருவின் பெயரையும் மணிக்கணக்கையும் எழுதட்டும். அவற்றின்கீழ், யார் யார்க்குக் கற்பித்தோம், அவர்களிடம் என்ன கற்றோம் என்று ஒரு வரி சேர்க்கட்டும். குருவை நம்பியும் கடிகாரத்தை நம்பியும் வருவோர்க்கு, தம் முதுகை யார் கையில் ஒப்படைக்கிறோம் என்பதை அந்த ஒரு வரியே தெரிவிக்கும்.