குடமும் தண்டியும் சேரும் இடம்

டிசம்பர் வந்தால் மயிலாப்பூரில் சபா கேன்டீன் வாசலில் இலைக்கு நிற்கிற வரிசையைப் பார்த்திருப்பீர்கள். அதே கட்டடத்துக்குள் அதே நேரத்தில் ஒரு வீணைக் கச்சேரி நடந்துகொண்டிருக்கும். எட்டிப் பாருங்கள். முதல் வரிசையில் கலைஞரின் சித்தி, மூன்றாவது வரிசையில் நான், நடுவில் யாரோ மறந்துவிட்டுப் போன குடை. கேட்டால் "வீணை ரொம்ப ஸ்லோ சார், தூக்கம் வருது" என்கிறார்கள். கொலுவில் மரப்பாச்சிக்குப் பக்கத்தில் வைக்க வீணை வேண்டும், பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்ட வீணை வேண்டும். கேட்பதற்கு மட்டும் வேண்டாமாம்.

சரி, கற்றுக்கொடுத்துவிட்டுத் திட்டுகிறேன். ஏழு கம்பி. அதில் நான்கு வாசிக்க, மூன்று தாளத்துக்கு. 24 மெட்டு. 17ஆம் நூற்றாண்டில், தஞ்சையில் ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் மெட்டுகள் இந்தக் கணக்கில் நிலைத்தன என்பது வழிவழியாக வரும் செய்தி. வலது பக்கம் தரையில் உட்கார்ந்திருப்பது குடம். இடது தொடை மேல் இருப்பது சுரைக்காய். நீளமாகப் போவது தண்டி, அதன் கோடியில் யாளி. வலது கை மீட்டும், இடது கை மெட்டின் மேல் கம்பியை அழுத்தும், இழுக்கும். சினிமாவில் கதாநாயகி தோளில் சாய்த்துக்கொண்டு கம்பியைத் தடவிக் கொடுப்பாளே, அதை உடனே மறந்துவிடுங்கள். அடிப்படை முடிந்தது. மீதி தானாக வரும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அடையாறு குடியிருப்பில் மேல் வீட்டுப் பையன் ஒருவன் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறான். சிங்கிள் கட்டா டபுள் கட்டா என்று நண்பர்களோடு மொட்டை மாடியில் நள்ளிரவு வரை சண்டை. கிட்டாரின் உடம்பில், கழுத்துக்குப் பக்கத்தில், விரல் உச்சிக்குப் போக வசதியாக ஒரு பக்கம் குடைந்திருந்தால் சிங்கிள் கட், இரண்டு பக்கமும் குடைந்திருந்தால் டபுள் கட். கிப்சன்காரர்கள் 1952-இல் லெஸ் பால் என்று ஒற்றை வெட்டில் கனமான ஒன்றை இறக்கினார்கள். 1961-இல் அதே பெயரில் இரட்டைக் கொம்பு வைத்து மெல்லிசாக இன்னொன்று. எஸ்.ஜி. என்று இன்றைக்குச் சொல்வது அதைத்தான். எது கனத்துப் பேசும், எது கைக்கு வாகு என்று அவனால் ஒரு மணி நேரம் விடாமல் பேச முடிகிறது. சண்டை முற்றினால் வெட்டை விட்டுவிட்டுக் கழுத்துக்கு வருவான். கழுத்தை ஸ்க்ரூ போட்டு மாட்டியதா, பசை போட்டு ஒட்டியதா, இல்லை உடம்புக்குள்ளேயே ஊடுருவி ஓடும் நெக்-த்ரூவா? இந்தக் காதை வைத்துக்கொண்டு இவன் வீணைக்கு வரவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். ஏனென்றால் அதே சண்டை இங்கே எப்போதோ தொடங்கிவிட்டது.

அதுதான் ஏகாண்டமும் ஒட்டும். ஏகாண்ட வீணை என்றால் குடம், தண்டி, யாளித் தலை எல்லாம் ஒரே பலாக்கட்டையில் குடைந்தெடுத்தது. ஒட்டு வீணையில் இந்த மூன்றும் தனித்தனியாகச் செய்து பொருத்தப்பட்டிருக்கும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய தஞ்சாவூர் வீணையில் இரண்டுமே உண்டு. ஏகாண்டத்துக்கு நான்கு அடிக்கு விரிசல் இல்லாத, நல்ல பருமனான பலா வேண்டும். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த முதிர்ந்த மரமாக இருந்தால் தச்சர் முகமே மாறும். அதில் பெரும்பகுதி செதுக்கிச் செதுக்கிச் சிராயாகப் போய்விடும். விலை ஏறுவது அதனால்தான். ஏகாண்டம் என்று பெயரே தவிர, குடத்தை மூடும் மேல்பலகை அதிலும் தனிப்பலகைதான். குடைந்த பிறகு மூடத்தானே வேண்டும்? இதைச் சொன்னால் ஏகாண்டக் கட்சிக்காரர்களுக்குக் கோபம் வரும். நானும் அந்தக் கட்சிதான், அதனால் சொல்லலாம்.

கண்ணால் கண்டுபிடிக்க, குடம் முடிந்து தண்டி தொடங்கும் கழுத்தைப் பாருங்கள். ஒட்டு வீணையில் அந்தப் பொருத்தை மறைத்து ஒரு பட்டை ஓடும். அந்தக் காலத்தில் தந்தம், இப்போது பிளாஸ்டிக். ஏகாண்டத்தில் மரத்தின் ரேகை தடைபடாமல் குடத்திலிருந்து தண்டிக்குள் ஓடும். விவரமான வியாபாரி ஏகாண்டத்திலும் அழகுக்குப் பட்டை வைப்பார். ஆகவே கண்ணை நம்பாதீர்கள்.

காதால் கண்டுபிடிப்பது எப்படி? மீட்டிய சத்தத்தைக் கேட்காதீர்கள். அதற்குப் பின்னால் வருவதைக் கேளுங்கள். ஒரு மீட்டு விழுந்ததும் மனசுக்குள் எண்ணத் தொடங்குங்கள். ஒட்டு வீணையில் நாதம் பளிச்சென்று எழும், நன்றாகவே எழும், பிறகு எங்கேயோ ஒரு படி இறங்கின மாதிரி தேயும். ஏகாண்டத்தில் அந்தப் படி இல்லை. சரிவாக, எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாதபடி கரையும். தோடி வாசிக்கும்போது காந்தாரத்தைக் கவனியுங்கள். ஒரே மீட்டில் கம்பியை இழுத்து விட்டு, இழுத்து விட்டு அந்த அசைவைக் கொண்டுவருவார்கள். மூன்றாவது அசைவு வரும்போது கம்பியில் உயிர் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் பந்தயம் கட்டலாம், ஏகாண்டம். வாசிக்கிறவருக்கு இது இடது மணிக்கட்டிலேயே தெரியும். என் அக்காவின் வீணை ஒட்டு. சின்ன வயதில் இரண்டு வருஷம் அதில் வரிசை வாசித்தேன், தண்டி என் கைக்கு ஊமையாகவே இருந்தது. பிறகு ஒரு வீட்டில் ஏகாண்டத்தை மடியில் வாங்கினேன். மந்தரக் கம்பியை மீட்டியதும் முழங்கை வரைக்கும் சிலிர்த்தது.

இதையெல்லாம் கொன்றது காண்டாக்ட் மைக். உடம்பில் ஒட்டவைத்து ஸ்பீக்கரில் ஊதினால் ஏகாண்டமும் ஒட்டும் ஒரே பிளாஸ்டிக் வாளிதான். பக்கத்தில் மிருதங்கம் இடிக்கிறது என்று வீணைக்காரர் ஒலியைக் கூட்டச் சொல்வார், உடனே மிருதங்கக்காரரும் கூட்டச் சொல்வார். விமர்சகர்கள் மறுநாள் "நாதம் சுகமாக இருந்தது" என்று எழுதுவார்கள். எந்த நாதம் ஐயா, ஆம்ப்ளிஃபயரின் நாதமா? டிரம்ஸோடு சினிமாப் பாட்டை முப்பது விநாடிக்கு வாசிக்கும் ரீல்ஸைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் வாசித்தபோது மைக் கிடையாது. கேட்பவர்கள் மூச்சு விடுவதைக்கூட அளந்து விட்டார்கள். 1930-களின் கிராமபோன் தட்டுகளில், பக்கத்துக்கு மூன்று நிமிஷம், கரகரப்புக்கு அடியில் அந்த விரல் இன்னும் இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள். பிறகு எஸ். பாலசந்தர். ஆம், 1954-இல் 'அந்த நாள்' படத்தை இயக்கிய அதே பாலசந்தர்தான். குரு என்று யாரிடமும் உட்காராமல் தானே கற்றுக்கொண்டு, ஒரு மெட்டில் கம்பியை இழுத்தே சுவரம் சுவரமாக ஏறுவார். அப்புறம் சிட்டிபாபு. இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்பேன், ஆனால் அந்தக் கார்வைக்கு முன்னால் வாயை மூடிக்கொள்வேன். நேரில் கேட்க லஸ் பக்கம் ராகசுதா மாதிரிச் சின்ன அரங்கமே போதும், முன் வரிசையில் உட்காருங்கள்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் தி. நகரில் ஒரு வீட்டுக் கச்சேரி. மைக் இல்லை. பைரவி ஆலாபனை முடிந்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் கொஞ்சம் சத்தமாகவே, "ஏகாண்டம்! கண்ணை மூடிண்டு சொல்வேன்" என்றேன். வாசித்த பெண் சிரித்தாள். "ஒட்டுதான் மாமா. போன வாரம் புதுசா மேளம் கட்டினேன், குதிரைத் தகட்டையும் சீவியாச்சு. அதான் இப்படிப் பேசறது." மெட்டுகள் நிற்பது மெழுகில். சென்னை வெயிலில் அது இளகி மெட்டு அசையும், சுருதி மழுங்கும். புதிதாக மெழுகு போட்டு மேளம் கட்டினால் ஒட்டு வீணையும் வாய் திறக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அன்றைக்குக் கேசரி தொண்டையில் இறங்கவில்லை. ஆனாலும் என் கட்சியை நான் மாற்றிக்கொள்ளவில்லை. அவள் விரல் அப்படி, அவ்வளவுதான்.

போன மாதம் மேல் வீட்டுப் பையனைக் கீழே கூப்பிட்டேன். அக்காவின் வீணைக்கும் புது மெழுகு போட்டிருந்தேன். தண்டியில் காதை வைத்துக்கொள்ளச் சொல்லி மந்தரத்தை ஒரே ஒரு மீட்டு மீட்டினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான், ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

"அங்கிள், இது நெக்-த்ரூ தானே?"

ஒட்டு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறேன்.