உலகத்தை விட்டுவிட்டு வெளியேறியவர்கள்

சென்னையில் நாவலூர் முதல் சிறுசேரி வரை ஓ.எம்.ஆர். சாலையோர அலுவலகங்களில் வேலைக்குச் சேருகிறவர்கள், அடையாள அட்டை கைக்கு வரும் முன்பே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். பணிக்காலத்தில் எழுதும் நிரலும் வரையும் படமும் நிறுவனத்துக்கே சொந்தம் என்பது அதில் வழக்கமாக இருக்கும் ஷரத்து. பலருக்கு அதை இரண்டாம் முறை படிக்க வேண்டிய அவசியமே வருவதில்லை. ஆடுபவர் ஒரு கதாபாத்திரமாகவே மாறி ஆடும் ரோல் பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்.பி.ஜி., படைப்பவர்களுக்கோ அந்த ஒரு ஷரத்துதான் தலையெழுத்து. பல ஆண்டுகள் செலவிட்டு ஊர், மக்கள், பகை, வரலாறு என ஓர் உலகத்தையே கட்டி எழுப்புகிறார்கள். வேலையை விடும் நாளில் அந்த உலகம் நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது.

டிம் கெய்னின் கதை இதற்குத் தெளிவான சான்று. இன்டர்பிளே நிறுவனத்தில் 1994-ல் தனியாளாக அவர் எழுதத் தொடங்கிய நிரல்தான் 1997-ல் 'ஃபால்அவுட்' ஆக வெளிவந்தது. அடுத்த ஆண்டே லியனார்ட் போயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன் இருவருடன் வெளியேறி 'ட்ராய்கா' என்ற ஸ்டுடியோவைத் தொடங்கினார். அவர்களின் மூன்றாவது கேம் 'வாம்பயர்: பிளட்லைன்ஸ்'. வால்வ் நிறுவனத்தின் 'சோர்ஸ்' என்ஜினில், அதாவது கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளில், அது உருவானதால், வால்வின் 'ஹாஃப்-லைஃப் 2' வருவதற்கு முன் அதை வெளியிடக் கூடாது என்பது நிபந்தனை. 2004 நவம்பர் 16 அன்று, ஆண்டின் மிகப் பெரிய எதிர்பார்ப்பாக இருந்த அந்த கேமோடு ஒரே நாளில் பிழைகள் களையப்படாமலே அது கடைக்கு வந்தது. மூன்று மாதத்தில் ட்ராய்கா மூடப்பட்டது. பிளட்லைன்ஸை ரசிகர்கள் பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி வாழவைத்தார்கள். ஃபால்அவுட்டின் உரிமையை 2007-ல் பெதஸ்டா நிறுவனம் 57.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2024-ல் அது அமேசானில் தொடராகி உலகெங்கும் பார்க்கப்பட்டபோதும், அந்த உலகத்துக்கு வித்திட்டவரிடம் அதன் உரிமை இல்லை.

'அல்டிமா' ஆர்.பி.ஜி. வரிசையைப் படைத்த ரிச்சர்ட் கேரியட்டுக்கும் இதே நிலைதான். தன் ஸ்டுடியோவை 1992-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கு விற்று, 2000-ல் வெளியேறினார். 2013-ல் புதிய கேமுக்காக, மக்களிடம் நிதி திரட்டும் இணையதளமான கிக்ஸ்டார்ட்டரில் ரசிகர்கள் ஏறத்தாழ 19 லட்சம் டாலர் தந்தார்கள். அல்டிமா என்ற பெயரைப் பயன்படுத்த முடியாமல் 'ஷ்ரவுட் ஆஃப் தி அவதார்' என்ற பெயரில் 2018-ல் வந்த கேம், பழைய செல்வாக்கை மீட்டுத் தரவில்லை.

ஹிரோனோபு சகாகுச்சி வேறு வழியில் போராடினார். 'ஃபைனல் ஃபேன்டஸி' ஆர்.பி.ஜி. வரிசையைத் தொடங்கிவைத்த அவர், 2001-ல் அதே பெயரில் எடுத்த திரைப்படம் பெரும் நஷ்டம் கண்டபின் ஸ்கொயர் நிறுவனத்தை விட்டு விலகி 'மிஸ்ட்வாக்கர்' தொடங்கினார். 2021-ல் வந்த அவரது 'ஃபேன்டேசியன்' கேமை உற்றுப் பார்த்தால் ஒரு பிடிவாதம் தெரியும். அதில் நாம் நடக்கும் தெருக்களும் வீடுகளும் கைவினைஞர்கள் கையால் செய்த மாதிரிகள். 150-க்கும் மேற்பட்ட அந்த மாதிரிகளைப் படமெடுத்துத்தான் களம் அமைத்தார்கள். 2024 டிசம்பரில் அதன் புதிய வடிவத்தை வெளியிட்டது, அவர் விட்டு வந்த அதே நிறுவனம்.

நமக்கு நெருக்கமான ஒருவரும் இருக்கிறார்: இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் வாழும் சந்தன ஏக்கநாயக்க. 'ஊபர் என்டர்டெயின்மென்ட்' கேம் ஸ்டுடியோவின் நிறுவனர்களில் ஒருவர். 2012-ல் கிக்ஸ்டார்ட்டரில் 22 லட்சம் டாலர் திரட்டிய அந்த ஸ்டுடியோ, 2014-ல் அடுத்த கேமுக்குக் கேட்டபோது ஆதரவு திரளாமல் முயற்சியைக் கைவிட்டது. பிறகு அவர் விலகி, 'அவுட்டர்லூப்' என்ற சிறு ஸ்டுடியோவைத் தொடங்கினார். 2023 நவம்பரில் வந்த அவர்களின் ஆர்.பி.ஜி. 'தர்ஸ்ட்டி சூட்டர்ஸ்'. சொந்த ஊர் திரும்பும் ஜாலா என்ற பெண்ணுக்கு வரன் மேல் வரனாக அனுப்புகிறவர் அவளுடைய 'பாட்டி'. கேமிலும் அவரைப் பாட்டி என்றே அழைக்கிறார்கள். பழைய காதலர்களோடு சண்டை மூளும்போது அம்மாவைத் துணைக்கு அழைக்கலாம். சண்டை முடிவது மனந்திறந்த பேச்சில். பாராட்டுகள் குவிந்தன. ஆனால் அடுத்த ஆண்டே, அதை வெளியிட்ட அன்னபூர்ணா இன்டராக்டிவ் நிறுவனத்தின் ஊழியர்கள் ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்தார்கள். வெளியீட்டாளரை நம்பியிருக்கும் சிறு ஸ்டுடியோவின் காலடி மண் இப்படித்தான் சரிகிறது. அவுட்டர்லூப் அடுத்து அறிவித்த ஆர்.பி.ஜி. 'தோசா டீவாஸ்': சமையலைச் சுற்றி வரும் இரு சகோதரிகளின் கதை.

இந்தியாவில் புனேயின் 'நாடிங் ஹெட்ஸ்' ஸ்டுடியோ 2017-ல் கிக்ஸ்டார்ட்டரில் தோற்றது. ஆனாலும் அது விட்டுவிடாமல் 2020-ல் 'ராஜி'யை வெளியிட்டு, பஹாடி ஓவிய மரபையும் நிழற்பாவையையும் உலகத் திரைகளுக்குக் கொண்டுபோனது. டொராண்டோவில் உருவான 'வெண்பா', தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறையைக் களமாக்கி 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் அறிமுகப் படைப்பு விருதை வென்றது.

திறமைக்குப் பஞ்சம் இல்லை என்பதை இவையெல்லாம் காட்டுகின்றன. தொடங்கிய உற்சாகத்துக்கும் வெளியீட்டு நாளுக்கும் இடையில் கிடக்கும் மூன்று, நான்கு ஆண்டுகளுக்குச் சம்பளம் யார் தருவது என்பதே கேள்வி. யூபிசாஃப்ட் கேம் நிறுவனத்தை விட்டு வந்த கியோம் ப்ரோஷ் பிரான்ஸின் மோன்பெலியேவில் தொடங்கிய ஸ்டுடியோவுக்கு, திரைப்படங்களுக்கு உதவும் அரசு அமைப்பான சி.என்.சி.யின் ஆதரவும் கிடைத்தது. அங்கு உருவான 'கிளேர் அப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' 2025-ன் சிறந்த கேமாகத் தேர்வானது.

தமிழ்நாட்டில் கேம் என்றாலே ரம்மி நினைவுக்கு வரும் அளவுக்குச் சூதாட்டம் அந்தச் சொல்லைக் கறைப்படுத்தியிருக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்த 2025-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், மற்ற கேம்களை வளர்க்கப்பட வேண்டியவை எனத் தனியே பிரித்திருக்கிறது. கர்நாடகம் அனிமேஷனுக்கும் கேமுக்கும் தனிக் கொள்கை வகுத்து 2029 வரை திட்டமிட்டிருக்கிறது. குறைந்த செலவில் எடுக்கப்படும் தரமான படங்களுக்கு மானியம் தரும் தமிழக அரசு, அந்த மானியத்தைக் கதை சொல்லும் கேம்களுக்கும் விரிவாக்க வேண்டும். உருவாக்கியவரிடமே உரிமை இருக்க வேண்டும் என்பதை அதன் முதல் நிபந்தனையாக வைக்க வேண்டும். ஓ.எம்.ஆரில் வேலையை விட்டுவிட்டு கேம் செய்ய நினைக்கும் நிரலாளருக்கு, பாராட்டுரையைவிட இந்த இரண்டும்தான் இப்போது தேவை.