கூட்டத் தமிழில் எழுவாய்: அலுவலகக் குழூஉக்குறி பற்றிய திறனாய்வு

1. முன்னுரை

பெங்களூரின் தொம்மலூரில் சொக்கநாதசுவாமி கோயில் அமைந்துள்ளது. அக்கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டுகள் அவ்வூரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் சுட்டுகின்றன. கோயிலிலிருந்து சிறிது தொலைவில், கோரமங்கலா செல்லும் சாலையை ஒட்டி, எம்பஸி கோல்ஃப் லிங்க்ஸ் வணிக வளாகம் பரந்து கிடக்கிறது. பன்னாட்டு நிறுவனங்கள் பலவற்றின் அலுவலகங்கள் அங்கு இயங்குகின்றன. இத்தகைய அலுவலகங்களில் பணிபுரியும் தமிழர், தம்முள் உரையாடும்போது ஆங்கிலச் சொற்களைத் தமிழ் வினைகளோடு இணைத்துப் பேசுவர். 'இந்த வாரம் ஒரு கனெக்ட் வெச்சு அலைன் பண்ணிக்கலாம்' என்பது அப்பேச்சின் இயல்பான வாக்கியம்.

வேண்டாத கூட்டங்கள் மிகுந்துவிட்டன என்பதும், அவற்றில் வழங்கும் சொற்கள் பொருளற்றவை என்பதும் அலுவலர் பலர் கூறும் இரு குறைகள். மேலாண்மையியலார் முதற்குறையை நேர இழப்பாகவும், மொழிப்பற்றாளர் இரண்டாவதை மொழிக்கலப்பாகவும் கொள்வர். இவ்விரண்டும் ஒரே குறையின் இரு தோற்றங்கள் என்பதே இக்கட்டுரையின் கருத்து. செய்பவர் யார் என்று கூறாத வாக்கியத்தோடு முடியும் கூட்டம் மற்றொரு கூட்டத்தைத் தோற்றுவிக்கிறது.

2. குழூஉக்குறியும் வெற்றுச்சொல்லும்

நன்னூல், குழூஉக்குறியைத் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக வைத்தெண்ணுகிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் அதற்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்றுகள். இவற்றில் இரு பண்புகளைக் காணலாம். குழுவிற்குப் புறத்தே நிற்பார்க்குப் பொருள் விளங்காது. குழுவினுள் இருப்பார்க்குப் பொருளில் ஐயம் எழாது. 'பறி' என்று கேட்ட பொற்கொல்லர் எவரும் அதனை வெள்ளி என்று கொள்ளமாட்டார்.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால் அலுவலகச் சொற்கள் இரு பிரிவாகின்றன. 'டெலிவரபிள்' என்பது ஒப்பந்தப்படி ஒப்படைக்க வேண்டிய பொருள். 'ரோல்பேக்' என்பது மென்பொருளை அதன் முந்தைய நிலைக்கு மீட்டல். இவை தமக்குரிய வரையறையுடையவை. எனவே குழூஉக்குறியாகவோ கலைச்சொல்லாகவோ ஏற்கத்தக்கவை. 'அலைன்மெண்ட்', 'சினர்ஜி', 'பேண்ட்வித்' முதலியவற்றின் நிலை வேறு. பொறியியலில் 'பேண்ட்வித்' அளவிடத்தக்க ஒன்று. கூட்டத்திலோ, 'எனக்கு பேண்ட்வித் இல்லை' என்பது நேரமில்லை, விருப்பமில்லை, அது என் பணியன்று என்னும் மூன்று பொருள்களுக்கும் இடமளிக்கிறது. 'அலைன் ஆகணும்' என்பது இசைதல், பணிதல், வெறுமனே அறிந்திருத்தல் ஆகிய மூன்றையும் குறிக்கவல்லது. குழுவினுள் இருப்பார்க்கே பொருள் உறுதிப்படாத இவற்றை வெற்றுச்சொல் என்று பிரித்துரைப்பது பொருத்தமாகும்.

வெற்றுச்சொல்லுக்கும் பயன் உண்டு. அப்பயனே அதனை நிலைபெறச் செய்கிறது. 'அலைன் ஆகிட்டோம்' என்று ஒருவர் கூற, அனைவரும் தத்தமக்கு உகந்த பொருளைக் கொண்டு தலையசைப்பர். கருத்து வேறுபாடு அவ்வேளையில் மறைகிறது. பணி தொடங்கியதும் அது மீண்டும் வெளிப்படுகிறது. அதனைத் தீர்க்க மற்றொரு கூட்டம் தேவையாகிறது.

3. -லாம் வடிவமும் 'நாம்' என்னும் போர்வையும்

வெற்றுச்சொல்லுக்குத் துணைநிற்பது தமிழின் '-லாம்' வடிவம். 'சின்க் பண்ணலாம்', 'ஆஃப்லைன்ல பேசிக்கலாம்', 'பார்க்கலாம்' ஆகிய மூன்றும் ஒரே ஈற்றில் முடிகின்றன. இது '-அல்' என்னும் தொழிற்பெயர் விகுதியோடு 'ஆம்' சேர்ந்து அமைந்தது. 'செய்தல் ஆகும்' என்ற அடிப்படையில் பிறந்த இவ்வடிவம் திணை, பால், எண், இடம் எதனையும் காட்டுவதில்லை. 'பண்ணுறேன்' என்றவர் தம்மைப் பொறுப்பாக்கிக்கொள்கிறார். 'பண்ணலாம்' என்றவர் பணியை மட்டும் கூறி விலகுகிறார்.

இவ்வடிவத்தையே குறை கூறுதல் தகாது. இசைவு தருதற்கும் கருத்தினை முன்மொழிதற்கும் அது இன்றியமையாதது. கூட்டத்தின் தொடக்கத்தில் அது முறையான முன்மொழிவு. கூட்டத்தின் இறுதி வாக்கியமும் '-லாம்' என்றே முடியுமாயின், அங்கு முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை என்பதற்கு அவ்வீறே சான்றாகிறது.

தன்மைப் பன்மையிலும் இத்தகைய மறைப்பு நிகழ்கிறது. ஆங்கிலத்தில் இதற்குரிய பெயர்ச்சொல் ஒன்றே. கேட்போரை உளப்படுத்தும் 'நாம்', உளப்படுத்தாத 'நாங்கள்' என்னும் இரண்டனுள் ஒன்றைத் தமிழ் தெரிந்தே ஆகவேண்டும். மேலாளர் ஒருவரின் ஆங்கில அறிக்கையை 'நாம் செலவைக் குறைக்க முடிவு செய்துள்ளோம்' என்று பெயர்த்தால், அம்முடிவில் பங்குபெறாத பணியாளரும் பங்குபெற்றவராகிவிடுகிறார். 'நாங்கள்' என்று பெயர்த்தால் முடிவு செய்தவர் யார் என்பது வெளிப்படும். கனிவு கருதி 'நாம்' என்பதைத் தெரியும் மொழிபெயர்ப்பாளர், மூலத்தின் மயக்கத்தைத் தாமே ஒருபக்கமாகத் தீர்த்துவைத்தவராகிறார்.

4. கல்வெட்டு காட்டும் மாற்று நடை

தொம்மலூர்க் கல்வெட்டுகளின் நடை இதற்கு நேர்மாறானது. 1270ஆம் ஆண்டினதாகக் கொள்ளப்படும் ஒன்று, அழகியார் என்பவர் கதவுநிலைகள் இரண்டினை அளித்ததைப் பதிவு செய்கிறது. மற்றொன்று, கணவனும் மனைவியுமான இருவர் ஜலப்பள்ளி என்னும் ஊரின் வருவாயையும் விண்ணமங்கலம் ஏரியின் வருவாயையும் இறைவனுக்கு அளித்ததைக் கூறுகிறது. அளித்தவர் யார், அளித்தது எது, பெறுபவர் யார் என்னும் வினாக்களுக்கு விடை கிடைக்கிறது.

இவை தனியாரின் கொடைகள். கூடி எடுத்த முடிவுகளின் நடையை அறியச் சோழநாட்டு ஊரவைக் கல்வெட்டுகளை நோக்கவேண்டும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை இவ்வகையில் சிறந்தவை. குடும்புகள் 30, வாரியத்தின் காலம் 360 நாள், ஏரி வாரியத்திற்கு உறுப்பினர் 6 பேர் என அவை வரையறுக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தெரிவு பெறத் தகுதியற்றவர் என்பதும் அவற்றில் உண்டு. இத்தகைய கல்வெட்டுகளில் அவையினர் தம்மைச் 'சபையோம்', 'ஊரோம்', 'நகரத்தோம்' என்றே சுட்டிக்கொள்கின்றனர். நன்னூலின்படி 'ஓம்' விகுதி படர்க்கையாரை உளப்படுத்துவது. கேட்போரைத் தன்னுள் இழுத்துக்கொள்ளாமல், 'முடிவு எங்களுடையது' என்று நிற்கும் தன்மைப் பன்மை இது.

கல்வெட்டு முடிவை மட்டுமே தருவது, அதற்கு முன் நிகழ்ந்த பேச்சைத் தருவதன்று என்பதை மறத்தலாகாது. பிரமதேய அவையில் எல்லாருக்கும் இடமிருந்ததுமில்லை. எனினும், முடிவினைப் பதிவு செய்யும் வாக்கியம் எவ்வாறு அமையவேண்டும் என்பதற்கு அந்நடை தக்க சான்றாகும்.

5. மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு

வெற்றுச்சொல்லுக்கு நல்ல தமிழ்ச்சொல் கண்டுவிட்டால் குறை நீங்கும் என்ற எண்ணம் சிலரிடம் உண்டு. 'சினர்ஜி' என்பதைக் 'கூட்டாற்றல்' என்றும், 'அலைன்மெண்ட்' என்பதை 'ஒருங்கிசைவு' என்றும் ஆக்கினால் வெறுமை தூய தமிழுக்கு இடம்பெயரும், அவ்வளவே. சொல்லாக்க விவாதமும் வேண்டாத கூட்டமாக மாறக்கூடியது. 1944இல் அமெரிக்க உளவு அமைப்பு ஒன்று, பகைநாட்டு அலுவலகங்களின் பணியைக் குலைப்பதற்கென ஒரு கையேடு வெளியிட்டது. எதனையும் குழுவிற்கு அனுப்புதல், முதன்மையான பணி காத்திருக்கும்போது கூட்டம் நடத்துதல், அறிக்கைகளின் சொற்களைப் பற்றி வாதிடுதல் ஆகியவற்றை அது பரிந்துரைத்தது. இவற்றுள் இறுதியானது மொழியறிஞர் மனங்கொள்ளத்தக்கது.

இச்சிக்கலின் கடுமை, அலுவலக ஆவணங்கள் தமிழாகும்போது புலப்படும். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உள்ளகக் குழுவை அமைக்கும் ஆணையைப் பலரும் காணும் இடத்தில் வைத்தல் நிறுவனத்தின் கடமை. புகாரை 3 மாதத்திற்குள் அளிக்கவேண்டும். விசாரணையை 90 நாளில் முடிக்கவேண்டும். இதனைத் தமிழில் படிப்பவர் வளாகத்தின் துப்புரவுப் பணியாளராகவோ உணவகப் பணியாளராகவோ இருக்கலாம். 'பாதிக்கப்பட்டோர் உரிய அமைப்பை அணுகலாம். தேவையான நடவடிக்கைகள் முன்னெடுக்கப்படும்' என்று அறிவிப்பை எழுதினால் இலக்கணப் பிழை இராது. ஆனால் யாரிடம் செல்வது, எத்தனை நாளுக்குள் செல்வது, யார் விசாரிப்பார் என்பனவற்றுள் ஒன்றும் அவருக்கு விளங்காது. 'குழுத் தலைவர் இன்னார். நிகழ்ந்த 3 மாதத்திற்குள் அவரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். குழு 90 நாளில் விசாரித்து முடிக்கும்' என்பதே அவருக்குப் பயன்படும் தமிழ்.

மூலத்தில் எழுவாய் இல்லாதபோது மொழிபெயர்ப்பாளர் தாமாக ஒன்றைப் படைத்தல் முறையன்று. 'இதனைச் செய்பவர் யார்' என்று மூலத்தை எழுதியவரிடம் வினவுதல் அவரது உரிமை, கடமையுங்கூட. விடை கிடைத்தால் வாக்கியம் திருந்தும். விடை கிடைக்காவிடின், ஆவணமே இன்னும் முடிவு பெறவில்லை என்பது தெளிவாகும்.

6. முடிவுரை

அலுவலகத் தமிழில் ஆங்கிலச் சொற்கள் கலத்தல் பெருங்குறை அன்று. 'ரோல்பேக்கை நான் வெள்ளிக்கிழமைக்குள் செய்கிறேன்' என்பது கலப்புத் தமிழாயினும் பொறுப்புள்ள வாக்கியம். 'ஒருங்கிசைவு முன்னெடுக்கப்படலாம்' என்பது தூய தமிழாயினும் யாரையும் எதற்கும் பொறுப்பாக்காத வாக்கியம். கூட்டம் கலையுமுன் அதன் முடிவை '-ஏன்' அல்லது '-ஓம்' ஈற்று வினைமுற்றில் ஒருவர் எழுத முடிகிறதா என்று நோக்கினால், அக்கூட்டம் வேண்டியதா வேண்டாததா என்பதைத் துணியலாம்.